ரெண்டு நாள் என்றால் ஆறு நாள்

மார்ச் 4
பம்பு தொழிற்சாலையில் கூட்டம். ரப்பர் வளையம் கொடுக்கும் நான், நட்டு கொடுப்பவர், அட்டைப்பெட்டி கொடுப்பவர் என்று எல்லாரும் இனி கையிருப்பையும் அனுப்பும் தேதியையும் கிளவுடு என்கிற இணையக் கணக்கில் ஏற்ற வேண்டுமாம். யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியுமாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது. கையில் இருப்பதைக் காட்டாமல் இருப்பதுதானே பாதி வியாபாரம்? மூன்று முறை தேதி தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். என் வளையங்களில் பத்துக்கு ஏழு அங்கேதான் போகிறது.

மார்ச் 6
மனைவிதான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள்.
"எப்ப அனுப்புவீங்க?"
"ரெண்டு நாள்ல."
ஏற்றிவிட்டாள்.

மார்ச் 8
காலை ஏழு மணிக்கே போனில் பம்பு தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளர்.
"யோவ், வளையம் எங்கய்யா? முப்பது பேர் கையக் கட்டிட்டு நிக்கறாங்க!"
"சார், ரெண்டு நாள்னா..."
"ரெண்டு நாள்னா?"
எப்படிச் சொல்வேன்? இருபது வருடமாக நான் ரெண்டு என்றால் அவர் ஆறு என்று எடுத்துக்கொள்வார். அவர் 'நாளைக்கே வேணும்' என்றால் நான் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்வேன். ஒருவரை ஒருவர் ஏமாற்றியதே இல்லை. இந்தப் பாழாய்ப்போன கிளவுடுதான் என்னை நம்பித் தொலைத்தது! நம்பி, ஆட்களையும் வரவழைத்துவிட்டது.
முதல் தவறு ஏறியாயிற்று.

மார்ச் 9
ரப்பர் ஷீட் தருவது மச்சான், மனைவியின் தம்பி. போன வாரம் "சுத்தமா சரக்கே இல்ல மாமா" என்று அழாத குறை. இன்று திரையில் பார்த்தால் நாற்பது ரோல்.
"திருட்டுப்பயலே, நாப்பது ரோலை வச்சுக்கிட்டா அழுத?"
"நீங்க மட்டும்? பதினஞ்சு ரோலை வச்சுக்கிட்டு மெஷினே நிக்குதுன்னீங்களே!"
அவன் கையிருப்பையும் ஏற்றியது அவன் அக்காதான். பிறகு, ஏற்றியவளைத் திட்டினோம், தனித்தனியாக.

மார்ச் 12
"நெசமான தேதி சொன்னாத்தான் ஏத்துவேன்" என்று மனைவி கையைக் கட்டிக்கொண்டாள். மெஷின் நான்கு, ஒருவன் லீவு, ஷீட் வியாழக்கிழமை வரும்... எண்ணிப் பார்த்தேன்.
"ஒன்பது நாள்."
சொல்லவே வாய் கூசியது.

மார்ச் 21
சொன்னபடி ஒன்பதாம் நாள். வண்டியில் நானே போனேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. "உங்க சரக்கு ஏப்ரல் எட்டுன்னுல்ல இருக்கு?"
மேலாளரைக் கூப்பிட்டேன்.
"நான்தான்யா மாத்தினேன். நீ ரெண்டுன்னா ஆறு. அப்ப ஒன்பதுன்னா இருபத்தேழு. கணக்கு சரிதானே?"
"சார், ஒன்பதுன்னா ஒன்பதுதான் சார்!"
"அத முன்னாடியே சொல்ல வேண்டாமா?"
வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகுதான் சரக்கை இறக்கினார்கள். இதில், முன்னதாக வந்தாலும் தேதி தவறுதானாம். இரண்டாவது தவறு. நியாயமா இது? உண்மையைச் சொன்னதுக்கு அடி!

மார்ச் 22
மனைவி விடவில்லை. யார், எப்போது, எந்தத் தேதியை மாற்றினார்கள் என்பதும் கிளவுடிலேயே இருக்கிறதாம். படம் பிடித்து மேலாளருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் சேர்த்தே அனுப்பினாள். சாயங்காலம் இரண்டாவது தவறு அழிந்தது. மேலாளர் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது: "வீட்டம்மாவுக்கு வணக்கம் சொல்லு."

ஏப்ரல் 17
அடுத்த சரக்கு போனது. தேதி சரி. கேட் திறந்தது.

ஜூன் 3
பதினொரு நாளாக மேலாளரிடமிருந்து போன் இல்லை. தினம் மூன்று தடவை திட்டுகிற மனிதர்! ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வேறு. மனைவியின் போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன் — அடிக்கிறது. தாங்காமல் நானே கூப்பிட்டேன்.
"சார், எம்மேல எதுவும் கோபமா?"
"எதுக்குய்யா?"
"போனே வரலையே."
"போன் போட்டு என்னத்தக் கேக்க? எல்லாம்தான் தெரியுதே."
"அப்ப, ஒப்பந்தம்?"
"திங்கக்கிழமையே ஏத்தியாச்சு. பாக்கலையா?"
ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு. எங்கள் தரப்பில் ஒப்புக்கொண்டும் ஆகியிருந்தது, அன்றைக்கே.
"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"
"நீங்கதான் பதினோரு நாளா போனையே முறைச்சுப் பாத்துட்டு இருந்தீங்களே."