வெறும் சேறு என்று நான் எழுதிய ஓடை

அன்புத் தம்பி சேவியருக்கு,

இதை நீ படிக்கப்போவதில்லை. இருந்தபோது மட்டும் நான் எழுதியதை எங்கே படித்தாய், "சுருக்கமாச் சொல்லுக்கா" என்பாய். இன்று சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பொறுத்துக்கொள்.

தவக்காலம் நடக்கிறது. நீ இல்லாத முதல் தவக்காலம். வெள்ளிக்கிழமையானால் திண்டுக்கல்லில் நம் சனம் முழுக்கக் கறியை விட்டுவிட்டு உன் மீன்கடை வாசலில்தான் வந்து நிற்கிறது. கடையை ஜெயா பார்க்கிறாள். உன் பெண்டாட்டி உன்னைவிடக் கறார். வளர வேண்டிய மடவை மீன் குஞ்சு கூடையில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்புகிறாள். வறுவலுக்குப் பொடிமீன் கேட்டு வந்த சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் போன வாரம் முணுமுணுத்துக்கொண்டே நெத்திலி வாங்கிப் போனார்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. மீன் எங்கே முட்டையிடுகிறது, குஞ்சு எங்கே ஒதுங்கி வளர்கிறது என்று பார்த்து, காக்க வேண்டிய இடங்களை மேப்பில் குறிப்பது. கடலே இல்லாத ஊர்க்காரிக்கு இது எதற்கு என்று கேலி செய்வாய். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்புல் திட்டுகளை எல்லாம் ஒழுங்காகத்தான் குறித்தேன். அங்கே கடலில் போய்ச் சேரும் அந்த ஒரு ஓடையில்தான் சறுக்கினேன்.

போன ஆனியில் போனேன். தண்ணீர் வடிந்து தரை வெடித்துக் கிடந்தது. "வெறும் சேறு, மீன் வளரும் இடமல்ல" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கோடையில் ஆத்தூர் அணை வற்றிக் கிடந்தால் அதை மைதானம் என்றா சொல்வோம்? மழையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் புத்தி எனக்கு அன்று வரவில்லை.

நீயோ அந்த ஓடைக்கரை ராக்கம்மாவிடம் வருடக்கணக்காக மீன் எடுத்தவன். மாசியில் அவள் கூடைக்குள் தப்பி வரும் குஞ்சுகளை வைத்தே அது என்ன மாதிரி இடம் என்று தெரிந்து வைத்திருந்தாய். நான் எழுதியதைக் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாய்.

"ஆளு வெளியூரு போயிருக்கையில வந்து கதவத் தட்டிட்டு, வீடு காலின்னு எழுதிட்டியேக்கா. மாசியில வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

மீன் விற்கிறவன் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் எதிரில். நீ கத்தியை எடுத்து மறுபடி மீனை அறுக்கத் தொடங்கினாய். ஆவணியில் உன் இதயம் நின்றுபோனது. நடுவில் எத்தனை நாள் இருந்தது, ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாதா நான்? வேலை, அலைச்சல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிர். வெட்கமாக இருக்கிறது சேவியர்.

இந்த மாசி பிறந்ததும் போனேன். ராக்கம்மாதான் கூட்டிப்போனாள். முழங்கால் வரை சேறு, என் மூட்டுவலி வேறு. அவள் பழைய சேலை ஒன்றைத் தண்ணீரில் முக்கி, இரண்டு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லித் தூக்கினாள். துணி முழுக்கக் குஞ்சு. மடவை, கொடுவா, பெயர் தெரியாதது இன்னும் எவ்வளவோ.

"ஒங்க தம்பியும் இதே எடத்துல நின்னு பாத்தாரும்மா. எங்கக்காவுக்குக் காட்டிட்டாப் போதும், மேப்புல ஏத்திரும்னு சொன்னாரு."

துணியை இறக்கிக் குஞ்சுகளை விட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அந்த ஓடையை அடைத்து இறால் குட்டை வெட்டப்போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சான்று என்ன தெரியுமா? நான் எழுதிய அந்த ஒரு வரி. திருத்த வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். ஓர் இடம் தப்பு என்று நானே சொன்னால் கடற்புல் உள்பட மொத்த மேப்பையும் சந்தேகப்படுவார்கள், விட்டுவிடுங்கள் என்றார். மீறித் திருத்தினால் என் வேலை ஒப்பந்தத்தையும் நீட்டிக்க முடியாதாம். கெட்டவர் இல்லை, அவரும் என்னைப் போல அலுத்துப்போனவர். பத்து நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன்.

நேற்று திருத்தத்தை, குட்டைக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கே அனுப்பிவிட்டேன். படிவத்தில் "முதலில் தகவல் தந்தவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதினேன். தொழில், மீன் வியாபாரி. "இவர் சொன்னபோது நான் கேட்கவில்லை" என்றும் எழுதினேன். அதற்கு அங்கே இடமில்லை, ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

பதில் வரவில்லை. வருமா? ஒரேயடியாக அசந்துபோய் இருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், ஓடையில் தண்ணீர் வடிவதற்குள் அந்த அதிகாரிகளைக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லிச் சேற்றில் இறக்குவேன். வேலை போனால் போகட்டும். நீ கூட்டிப்போகிறேன் என்றபோது வராதவள், இனி யாரையாவது கூட்டிக்கொண்டு வருடா வருடம் அங்கே போவேன்.

உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்த,
உன் அக்கா
ஸ்டெல்லா