நீங்கள் விட்டுக்கொடுத்த கல்லறை

என் உயிரான ஸ்டெல்லா அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாள் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நம் ஜோகுபாளையத்திலிருந்து ஹெப்பகோடிக்கும் அந்தப் பக்கம், உங்களைப் படுக்கவைத்திருக்கிற இடத்துக்கு பஸ் மாறி மாறிப் போவதற்குள் வாங்கிப்போன சாமந்தி பாதி உதிர்ந்துவிட்டது. மற்றவர்கள் ஊருக்குள்ளே பழைய கல்லறையில் குடும்பம் குடும்பமாக நிற்க, நான் மட்டும் அந்தப் பொட்டல்காட்டில் காற்றோடு மல்லுக்கட்டி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. செத்துப்போனவர்மேல் என்னம்மா கோபம் என்கிறாள் உங்கள் மகள் ஸ்டெல்லா. அவளுக்கென்ன தெரியும்?

நம் குடும்பக் கல்லறையில் உங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே குழியில் இருக்கிறார்கள். அதே இடத்தில் "அடுத்தது நான், அப்புறம் நீ" என்று கல்யாணம் ஆன புதிதிலேயே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். புதுப்பெண்டாட்டிக்குக் காட்ட உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா! ஆனாலும் எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. என்ன ஆனாலும் கடைசியில் இந்த மனுஷனோடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உங்கள் தம்பி லூர்துவின் மகன் ஜெரி தொம்மலூர் பாலத்தில் வண்டி மோதிப் போய்விட்டான். பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் லூர்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எம்புள்ளைய எங்கயோ தூரத்துல போட மனசு வரலண்ணா. அப்பா அம்மாகிட்ட வெச்சுடட்டுமா?" என்று அழுதான். நீங்கள் யோசிக்கவே இல்லை. "வெச்சுக்கடா" என்றீர்கள். ஒரு தடவை திறந்த குழியை மறுபடி திறக்கப் பல வருஷம் விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு அப்போதே நெஞ்சுவலி ஆரம்பித்திருந்ததே!

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எடம் நம்மளுதா டெய்சி? குடுத்தவரு கேக்கறாரு."

"கேட்டது ஆண்டவரு இல்ல, உங்க தம்பி!"

சிரித்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போய் முழந்தாளிட்டீர்கள். உங்களோடு ஒழுங்காக ஒரு சண்டைகூடப் போட முடியாது.

அடுத்த வருஷமே நீங்களும் போய்விட்டீர்கள். ஜெரி இருக்கிற குழியைத் திறக்க முடியாது, வேறு ஜாகாவும் இல்லை என்று கோயிலில் கையை விரித்துவிட்டார்கள். அப்படித்தான் அவ்வளவு தூரம் போனீர்கள்.

ஒன்று கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள். அது சாந்தகுணமா, இல்லை தம்பியிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லையா? உங்களுக்கும் வலித்ததா? வலித்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. பூசையில் எல்லாரும் ஆண்டவர் சித்தம் ஆகட்டும் என்று சொல்லும்போது என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

போன ஞாயிறு லூர்துவின் பெண்டாட்டி விமலா வந்திருந்தாள். வைத்த காபியைத் தொடவில்லை. "அக்கா, இப்ப தெறக்கலாமாம். கோயில்ல கேட்டாச்சு. ஜெரி எலும்ப ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு மாமாவ இங்க கொண்டாந்துடலாம். நாளைக்கு உங்களுக்கும் அங்கயே..." என்றவள் சேலை நுனியைப் பிடித்து முறுக்கினாள். "தோண்டறப்ப நான் வரலக்கா. என்னால பாக்க முடியாது. நீங்க பாத்துக்குங்க."

இந்த வார்த்தைக்குத்தானே நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்! சரி என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் இன்னும் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வேணாம் விமலா, புள்ள தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். என் மடியில் விழுந்து அவள் அழுத அழுகை இருக்கிறதே, ஐயோ.

அவள் போனபிறகு நானும் அழுதேன். நல்லது செய்தால் சமாதானம் வரும் என்பார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இயேசு படத்துக்கு முன்னால் நின்று, "இதுவும் வேணுமா உமக்கு? எடுத்துக்கும்!" என்று கத்தினேன். இதெல்லாம் ஜெபத்தில் சேருமா என்று அவரிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் முன்கூட்டி இடம் பிடித்துவைக்க விடமாட்டார்களாம். ஆள் வர வர வரிசையாகத் தோண்டிக்கொண்டே போகிறார்கள். இன்றைக்குப் பார்த்தேன், உங்கள் வரிசை நிறைந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. பரவாயில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் முறை வரும்போது எங்கே தோண்டியிருக்கிறார்களோ அங்கே படுத்துக்கொள்கிறேன். நமக்கு நடுவில் யார் இருந்தாலும் நகரச் சொல்ல மாட்டேன்.

கோபம் ஆறாத,
உங்கள் பெண்டாட்டி டெய்சி