பெட்டியில் வைத்த கைபேசி

அன்பு மகளுக்கு,

எனக்கு வேலை போய்விட்டதாக உன் சித்தி சொல்வது பொய். இங்கே பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு நகரத் தலைவர்களின் பயணங்களை இன்றும் நானே நடத்துகிறேன். மூட்டுவலி தவிர நலம். நீங்கள் நலமா?

கூட்டத்துக்கு முன் விருந்தினர்களின் கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் வைப்பது என் வழக்கம். போன வாரம் தமிழ் தெரிந்த ஒரு பெண் மேயர், "மகளுக்குப் பிரசவ வலியாம். இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்மா" என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்" என்று வாங்கிவிட்டேன்.

மாலையில் திருப்பிக் கொடுத்தபோது, பேரன் பிறந்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

உன் பிரசவத்தன்றும் நான் இங்கே விருந்தினர்களுக்குப் பெயரட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அது தவறு.

பேத்தியின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். அடுத்த மாதம் நான் வரலாமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுது.

அம்மா