சோம்பேறி என்று சொல்லி வைத்தாயே, அம்மா

ஒரகடம் பக்கம், ஆவணி, 1991

என் செல்ல அம்மாவுக்கு,

கோபம் பாதி, ஆசை பாதியாக உன் தனம் எழுதுகிறேன். மத்தியான வேளை, விரல் பேனாவைப் பிடிக்க ஒத்துக்கொள்கிற நேரம். நீ கார்த்திகையில் போனதற்கப்புறம் வீட்டில் நடந்ததையெல்லாம் யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஆறும். உன்னை விட்டால் வேறு யாரிடம் சொல்ல?

முதலில் உதவித்தொகை விஷயம். ஊனமுற்றோர் பணம் என்று எனக்கு மாசாமாசம் மணியார்டர் வருமே, அது சித்திரையோடு நின்றுபோனது. எல்லாருடையதையும் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவாம். பொய் சொல்லி வாங்குகிறவர்களைக் கழிக்கிறார்களாம். கழிக்கட்டும், நல்லதுதான். ஆனால் சரிபார்த்து முடிகிறவரை மாத்திரைக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. சின்னவள் வசந்தியின் சம்பளத்தில் வாங்கினோம். அப்புறம் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டேன். பாதி மாத்திரைக்கு முடக்குவாதம் பாதியோடு நிற்குமா? அது முழுசாகத்தான் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டுக்கு வரச் சொன்னார்கள். நீ பழக்கிவிட்டபடி எழுந்ததும் வெந்நீரில் கையை ஊறப்போட்டேன். வசந்தி தலை வாரி, பூ வைத்து, உன் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிவிட்டாள். பெரிய மனுஷர் முன்னால் அழுது வடிந்துகொண்டு நிற்கக் கூடாது என்று நீதானே சொல்வாய்? ஸ்ரீபெரும்புதூர் போய், பஸ் மாறி, பெஞ்சில் காத்துக் கிடந்து, என் முறை வரும்போது உச்சிவெயில். அந்த நேரத்துக்கு என் விரல்கள் இளகிவிடும் என்று உனக்குத் தெரியும். டாக்டருக்கு எப்படித் தெரியும்?

"கையை மூடும்மா. திற. திரும்ப மூடு."

மூடினேன். வலித்தது, ஆனால் மூடியது.

"நல்லாத்தானே மூடுறீங்க?"

"காலைல இப்படி இருக்காது சார். ஒரு டம்ளரைக்கூட புடிக்க முடியாது. காலைலதான் சார் நீங்க பாக்கணும்."

"காலைல போர்டு கிடையாதும்மா," என்றார்.

கெட்டவர் இல்லை. முட்டியில் இருந்த வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஊரில் விசாரித்து அறிக்கை வரட்டும், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றார். ஊரில் விசாரித்தால் என் கதை முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீ இரண்டு வருஷம் மறைத்தாய். சுவிட்ச் கம்பெனியில் ஸ்குரு பிடிக்க முடியாமல் நான் வேலையை விட்டு நின்றபோது, ஆள் குறைத்துவிட்டார்கள் என்று தெருவில் சொன்னாய். மணியார்டருக்குப் போஸ்ட்மேனிடம் என்ன கதை சொன்னாயோ, அது உனக்கே வெளிச்சம். காலையில் நான் எழுந்து வர முடியாததற்குத்தான் பெரிய கதை. "என் பெரியவ சுத்த சோம்பேறி. சூரியன் தலைக்கு மேல வந்தாதான் எழுவா. இவள வச்சிகினு நான் இன்னா பண்றது" என்று குழாயடியில் நீ சத்தமாகப் பேசுவது உள்ளே படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். அப்புறம் வெந்நீர்ச் சட்டியோடு வந்து உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவாய்.

அக்காவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் தங்கச்சிக்கும் வரும் என்பார்கள், வசந்தியை யார் கேட்டு வருவார்கள் என்பதுதான் உன் பயம். நோயாளி மகளைவிடச் சோம்பேறி மகள் மேல் என்று முடிவு கட்டினாய். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

விசாரிக்க வந்த தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அந்த ஆர்.ஐ., நேராகப் பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் போய் நின்றார்.

"அந்தப் பொண்ணா? நோவுலாம் ஒண்ணும் இல்ல சார், நல்லாதான் கீது. சோம்பேறி, அவ்ளோதான். அவங்க அம்மாவே சொல்லிகினு இருக்கும். பாவம், அது போய்ச் சேந்துடுச்சி."

கமலம்மா பொய் சொல்லவில்லை. நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். ஆர்.ஐ. நம் வீட்டு வாசலுக்கு வந்து, "தெருவே இப்படிச் சொல்லுதேம்மா, நான் என்ன எழுதறது? அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவேன். சாட்சி யாராவது இருந்தா நிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி இதைத்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு உன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். நீ இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட நீ இல்லையே என்று அழுதேன்.

அதே சமயத்தில்தான் வசந்திக்குச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது. நீ போய் ஒரு வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்கணும், இல்லையென்றால் தள்ளிப்போகும் என்று மாமா அலைந்து திரிந்து கொண்டுவந்தது. ஜாதகம் பொருந்தி, பையன் வந்து பார்த்தும் போய்விட்டான். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. நான் வாயைத் திறந்தால் அது போகும். திறக்காவிட்டால் மாத்திரை போகும். அதனால் வசந்தியிடமே கேட்டேன்.

"சொல்லிடலாமாடி?"

"இன்னாக்கா கேள்வி இது? நீ மாத்திரை இல்லாம சுருண்டு கெடப்ப, நான் பட்டுப்பொடவ கட்டிகினு போவணுமா? சொல்லு."

மறுநாள் விடிந்ததும் வெந்நீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போனேன். குடம் நிரம்பியது. அதன் கழுத்தைப் பிடிக்க விரல் வளையவில்லை. இரண்டு கையையும் அணைகொடுத்துத் தூக்கப் பார்த்தேன். குடம் உருண்டு, தண்ணீர் எல்லார் காலிலும் ஓடியது.

"இன்னாடி, அதிசயமா காலைலயே..." என்று ஆரம்பித்த கமலம்மா என் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா அவ?" என்றாள் கமலம்மா. "எத்தினி வாட்டி உன்ன வாய்க்கு வந்தபடி பேசிருப்பேன். அவ பக்கத்துல நின்னு கேட்டுகினுதான இருந்தா?"

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. நீயே சொல்.

ஆர்.ஐ. திரும்ப வந்தபோது கமலம்மா தெருப்பெண்கள் நாலைந்து பேரோடு போய் முன்னால் நின்றாள். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொன்னா எதைம்மா எழுதறது?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

"அன்னிக்குச் சொன்னது காதால கேட்டது சார். இது கண்ணால பாத்தது. சந்தேகமா கீதுன்னா விடியக்காலம் வா, எங்க வூட்ல டீ குடிச்சிட்டு நீயே பாரு."

அவர் விடியற்காலை வரவில்லை, ஆனால் எழுதினார். எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். போன வாரம் மணியார்டர் வந்துவிட்டது. இப்போதைக்கு ஒரு வருஷத்துக்குத்தான். அதற்குள் முடக்குவாதம் போய்விடுகிறதா என்று திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். நானும் ஆவலாகத்தான் இருக்கிறேன்.

வரன் போய்விட்டது, அம்மா. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பொருந்திய ஜாதகம் எப்படி இடிக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. நீ பயந்தது நடந்தேவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வசந்தி வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். இரண்டாம் நாள் காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, "அந்தாளு சிரிச்சா நல்லா இருந்துச்சிக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளைச் சுற்றிப் பிடிக்க என் கை வளையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கொடுத்தேன்.

இனிமேல் அவளுக்கு வரன் பார்ப்பது என் பொறுப்பு. மாமா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் வரச் சொல்ல மாட்டேன். விடிந்ததும் வரட்டும், முதலில் என்னைப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்து காபி குடிக்கிறவன் வீட்டுக்குத்தான் நம் வசந்தியை அனுப்புவேன். இது சத்தியம். உனக்குப் பிடிக்காது, தெரியும். அங்கேயிருந்து திட்டிக்கொள்.

உன் வயிற்றில் மூத்தவளாகப் பிறந்த
தனம்