குளோரினின் கடைசி எலக்ட்ரான்

மார்ச் 3, செவ்வாய்

எனக்கும் மனைவி தங்கத்துக்கும் ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் ஆகிறது. எனக்கு நெஞ்சில், அவளுக்கு வயிற்றில். முடிவு வந்துவிட்டது. மகள் பவித்ராவின் முகம் சொல்கிறது, வாய் சொல்லவில்லை. "எல்லாம் நார்மல் லா, அப்பா." நார்மல் என்றால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஏன் போனில் பேசுகிறாள்?

பயத்தை அடக்கக் குளோரின் அணுவின் கணக்கை எடுத்துக்கொண்டேன். கருவில் பதினேழு புரோட்டான். வெளிச்சுற்றில் இருக்கும் எலக்ட்ரானுக்கு அந்த இழுப்பு முழுதாகப் போய்ச் சேராது. மற்ற எலக்ட்ரான்கள் மறைக்கும். மறைத்தது போக மிச்சம்தான் செயலுறு மின்சுமை. எனக்கு 5.75 வந்தது. புத்தகத்தில் 6.1. புத்தகம் தப்பு.

மார்ச் 4

மறுபடியும் 5.75. 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று சிறுவயதில் என்னைத் தொழிற்பள்ளிக்குத் தள்ளினார்கள். சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே வேதியியல் படித்தவன் நான். புத்தகத்தில் அச்சடித்துவிட்டால் பயந்துவிடுவேனா?

மார்ச் 6

நான் இருமினால் பவித்ரா திரும்பிப் பார்க்கிறாள். அப்படியானால் நுரையீரல்தான். அண்ணனுக்குப் புற்று வந்தபோது கடைசிவரை அவரிடம் 'அல்சர்' என்றே சொன்னோம். நம் வீடுகளில் அதுதான் வழக்கம். இப்போது என் முறையா?

மார்ச் 7

தப்பு என்னுடையது. வெளிச்சுற்றில் ஏழு எலக்ட்ரான்கள். ஏழுமே மறைப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். எந்த எலக்ட்ரானும் தன்னைத் தானே மறைக்காது. ஆறுக்கு 0.35 வீதம் 2.1. உள்ளே எட்டுக்கு 0.85 வீதம் 6.8. அதற்கும் உள்ளே இரண்டுக்கு 2. மொத்தம் 10.9 கழிய, மிச்சம் 6.1.

புத்தகத்திடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

ஆனால் எலக்ட்ரானே தன்னை மறைக்காதபோது நான் மட்டும் ஏன் ஒளிந்து நிற்கிறேன்? திங்கட்கிழமை நானே டாக்டரிடம் போகிறேன். தனியாக.

மார்ச் 9

என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. வெறும் அலர்ஜி இருமலாம். ரயிலில் உட்கார்ந்து சிரித்தேன் — செராங்கூன் நிலையம் தாண்டும்வரை. ஸ்கேன் எடுத்தது ரெண்டு பேர்.

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பவித்ராவைப் பிடித்தேன். "அம்மாவுக்கா?"

"மெதுவாப்பா. மேல ஜன்னல்ல நிக்கிறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்பா. அதான்."

கணையம். ஈரல் வரைக்கும் பரவிடுச்சாம். எனக்கு வந்திருக்கக் கூடாதா? நான்தானே இருமினேன்—

மார்ச் 10

தங்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நேத்து டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எனக்கு அலர்ஜி."

"எனக்கு?"

"உனக்கு வாயு. தேக்கா மார்க்கெட்ல சாப்பிட்ட பிரியாணி."

"வேணாம்னு அப்பவே சொன்னேன்! நீங்கதான், இன்னும் ஒரு பிடி சாப்பிடு, இன்னும் ஒரு பிடின்னு... இப்ப வயிறு யாருக்கு வலிக்குது?"

நெடுநேரம் திட்டினாள். நானும் ஒரு கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆய்ந்தேன். கீரை தீரும்வரை தலை நிமிரவில்லை.