பெரியப்பாவுக்குத் தெரியாத பீடி

உத்திரமேரூர்

அன்புள்ள மகன் சுகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவும் சுகம், அதை இன்றைக்குத்தான் தைரியமாக எழுத முடிகிறது. நீயும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா பிடுங்கிக்கொண்டு வேறு பேச்சு பேசுவார், அதனால்தான் எழுதி, ஊருக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் தேவராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாசியில் வாலாஜாபாத்தில் நுரையீரல் ஸ்கேன் முகாம் போட்டார்கள். ஐம்பது வயது தாண்டி, பல வருஷமாகப் பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு, இருமல்கூட இல்லாதபோதே புற்றுநோய் இருந்தால் ஆரம்பத்தில் தெரிந்துவிடுமாம். அப்பாவை அழைத்துப் போனேன், துணைக்குப் பெரியப்பாவும் வந்தார். வந்தது வினை! நர்ஸ் பூஜா, பீடிப் பழக்கம் உண்டா என்று கேட்டதும், உன் அப்பா, அறுபத்திரண்டு வயசு மனுஷன், அண்ணன் பக்கத்தில் நிற்கிறாரே என்று, எனக்கு அந்தப் பயக்கமே இல்லம்மா என்றுவிட்டார். அந்தப் பெண்ணும் அப்படியானால் ஸ்கேன் வேண்டாம் என்று பேரை அடித்துவிட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம். பெரியப்பா எதிரில் இதுவரை குரலே உயர்த்தாத நான், நாப்பது வருசமா நாளைக்கு ஒரு கட்டு, மாட்டுக் கொட்டாய் பின்னாடி நின்னு ஊதிக்கினு கீறாரு, எழுதிக்கோ என்று கத்திவிட்டேன். அப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு. பெரியப்பாவோ அலட்டிக்கொள்ளாமல், காத்து என் வூட்டுப் பக்கம்தானேடா அடிக்குது, எனக்குத் தெரியாதா இன்னா என்றார்.

ஸ்கேனில் பட்டாணி அளவுக்கு ஒன்று தெரிந்தது. சென்னையில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, அதேதான் என்றார்கள். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்தேன், திட்டாதே, மறைப்பது நம் குடும்ப வியாதி. ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு ரிப்போர்ட் வந்தது. எங்கேயும் பரவவில்லை, முழுசாக எடுத்தாச்சு, சொன்ன தேதிக்கு செக்கப் வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார் சுகுமார்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, பார்க்கிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். பெரியப்பா மட்டும் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம வுட்டுட்டேனேடா என்று அழுதார்.

அதனால் நான் கேட்டுவிடுகிறேன். வீடியோ காலில் அடிக்கடி ஒரு கையைக் கீழே வைத்துக்கொள்கிறாய், முகத்தைத் திருப்பி மூச்சு விடுகிறாய். வளர்ந்த பிள்ளையைக் கேட்கக்கூடாது என்றிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறாய், கண்ணு? குறைக்காமல் எழுது.

மாகறல் ஈசன் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, பதில் போட மறக்காதே.

உன் அம்மா
கங்கம்மாள்