ஆறு ஃபிரேம் தாமதம்

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வரவில்லை. நாத்தனார் வந்தாள். இரண்டு பேரில் யார் வரவே மாட்டார் என்று காலையில் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் இவளைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் ஆகிறது அவள் இந்த வீட்டுப் படி ஏறி. ஃபோன் செய்தாலும் “அண்ணன் இருக்காரா?” அவ்வளவுதான். இன்றைக்கு நேராகக் கிளினிக்கிலிருந்து, அந்த மருந்து வாசனையோடு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். படம் எடுத்திருக்கிறாளாம். பல் டாக்டர்! பதினெட்டு நிமிஷப் படம். கிளினிக்குக்கு வெளியே முறை வருவதற்காகக் காத்திருக்கும் நாலு பேர், உள்ளே இவளே டாக்டர். ஒரு குறும்பட விழாவில் கதை பிடித்துவிட்டதாம். ஆனால் ஒலி தெளிவாக இல்லை, 25ஆம் தேதிக்குள் சரிசெய்து அனுப்பினால் திரையிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ரேடியோ விளம்பரத்துக்கெல்லாம் சவுண்ட் பண்றீங்கல்ல. படத்துக்கும் வருமா?”

வருமாவா? இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த இரண்டு காதுதான். படத்தைப் பார்த்து ஒலி போட்டதே இல்லை என்ற சின்ன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

பேச்சு முழுவதிலும் ஒரு தடவைகூட ‘அண்ணி’ வரவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 4, புதன்

ஏன் மூன்று வருடம் என்பதை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளாக ஆக நானே நல்லவளாகிவிடுவேன்.

இவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். வீடு நிறைய உறவுக்கூட்டம். யாரோ ஒரு மகராசி “நீ நல்லா நடிச்சுக் காட்டுவியே” என்று ஏற்றிவிட, நான் நாத்தனாரை நடித்தேன். அவள் நோயாளிகளிடம் “வலிக்காது” என்று சொல்வதை. முதலில் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. பிறகு சாவகாசமாகக் குரல் வரும். ஊசி போட்டு மரத்துப்போன வாய் மாதிரி. கூட்டம் சிரிப்பில் உருண்டது. சிரிப்பு அடங்காததால் இன்னும் இரண்டு முறை செய்தேன். அங்கேதான் சனி. அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டேனா? அடுத்த வாரம் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம்தான் இன்னும் வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சாஃப்ட்வேருக்குள் வீடியோவை இழுத்துப் போட்டேன். நல்ல பிள்ளையாக மேலே ஒரு பட்டையாகப் படுத்துக்கொண்டது. கீழே வழக்கமான என் ஒலி டிராக்குகள். ஓரத்தில் ஒரு குட்டி ஜன்னல் திறந்து படம் ஓடுகிறது. ஒரு நொடியை இருபத்தைந்து துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்கிறார்கள். கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டினால் ஒலி ஒரு ஃபிரேம் தள்ளிப் போகிறது. இவ்வளவுதானா சினிமா? இதற்கா இத்தனை பேர் தாடி வளர்க்கிறார்கள்?

கதவு, நாற்காலிகள் முடிந்தன. எங்கள் வீட்டு அலமாரிக் கதவுதான் கிளினிக் கதவு. கிறீச்சிடும் நாற்காலிக்கு என் முழங்காலையே பயன்படுத்தியிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

உள்ளேயிருந்து கேட்கும் பல் குடையும் மெஷினுக்கு இவருடைய தாடி ட்ரிம்மரை ஒரு டம்ளருக்குள் விட்டு ஓட்டினேன். அப்படியே நிஜம். ட்ரிம்மர் செத்துவிட்டது. பாதி தாடியோடு ஆபீஸ் போன இவரை யாரோ “வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?” என்று கேட்டாராம். “இருக்கு, சவுண்ட் இன்ஜினியரா இருக்கு” என்றாராம்.

காத்திருக்கும் அறையின் வாஷ்பேசினுக்கு எங்கள் ஒழுகும் குழாயையே பதிவு செய்தேன். சொட்டு... சொட்டு... என்ன நடிப்பு! டீக் கோப்பைக் காட்சியும் முடிந்தது.

மார்ச் 11, புதன்

குட்டி ஜன்னலில் மனிதர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பிறகுதான் புத்தி வந்தது. ஹாலில் இருந்த பெரிய டிவியை என் அறைச் சுவரில் மாட்ட வைத்தேன். கேபிள் எட்டவில்லை; வயரே இல்லாமல் படத்தை அனுப்பும் வசதி இருக்கிறதே, அதில் இணைத்தாகிவிட்டது. ஒலி வழக்கம்போல என் பழைய ஸ்பீக்கரில். தியேட்டர் தோற்றது. கிரிக்கெட் போன துக்கத்தில் இவர் அறை வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

மார்ச் 12, வியாழன்

பெரிதாகப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது! குரல் முதலில் வருகிறது, உதடு பிறகு அசைகிறது. படத்தை எடிட் செய்தவர் நாத்தனார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர். எலும்பை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு உதடு எங்கே கண்ணில் படப்போகிறது! குட்டி ஜன்னலில் எனக்கும் தெரியவில்லை.

போகட்டும். ஒலியைப் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். ஆறு ஃபிரேம். கால் நொடி. டாக்டரின் முகக் காட்சி ஒன்றைத் தவிர மற்றப் பேச்சு எல்லாவற்றையும், டீக் கோப்பையையும் தள்ளினேன். கதவையும் நாற்காலியையும் தொடவில்லை. அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? ட்ரிம்மரும் குழாயும் திரையிலேயே இல்லை, அப்படியே கிடக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

காலடிகள். போட்டேன், தள்ளினேன். நடுவில் எனக்கொரு டீ. போட்டேன், உள்ளே தள்ளினேன்.

மார்ச் 15, ஞாயிறு

டாக்டரின் முகம் மட்டும் திரை முழுக்க வரும் காட்சி. நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருக்கும் கிழவரிடம் முகமூடியைக் கழற்றிவிட்டு “வலிக்காது” என்கிறாள். அந்த ஒரு சொல்லை உதட்டோடு பொருத்த நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

நாற்பதில் ஏதோ ஒரு தடவையில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுக்கிறாள். சின்ன மூச்சு. வலிக்கும் என்று தெரிந்தவள் இழுக்கும் மூச்சு. அதனால்தான் அந்தச் சொல் தாமதமாக வருகிறது. நான் அதை மரத்துப்போன வாய் என்று முப்பது பேர் முன்னால் நடித்துக் காட்டினேன். காது எனக்குச் சோறு போடுகிறதாம்! இது கேட்கவில்லையே, இந்தக் காதுக்கு?

மூச்சின் சத்தத்தைத் துளி ஏற்றி வைத்தேன். ஆறு ஃபிரேம் தள்ளினேன்.

மார்ச் 18, புதன்

முடிந்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒலிகள். ஏழு நாள் மிச்சம் வைத்து நாத்தனாருக்கு அனுப்பியாகிவிட்டது. எனக்கு நானே இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஃபோன் வந்தது. ‘அண்ணன் இருக்காரா’ இல்லை. நேராக என்னிடமே.

“மூணு வருஷமா அந்த ஜோக்கை பத்திரமா வச்சிருந்தீங்களா?”

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. லேப்டாப்பில் பார்த்தாளாம். அவள் முகம் வரும் இடத்தில் உதடு முதலில் அசைகிறது, “வலிக்காது” பிறகு வருகிறது. அன்றைக்கு நான் செய்து காட்டிய அதே மாதிரி. அச்சு அசல்.

“அன்னைக்கு முப்பது பேர் சிரிச்சாங்க. இப்ப தியேட்டரே சிரிக்கணும். அதானே?”

வைத்துவிட்டாள். நான் எங்க பண்ணேன்? சத்தியமா பண்ணல. சரியாத்தான இருந்துச்சு, நாற்பது தடவ பாத்தேனே... கடவுளே, நான் உண்மையிலேயே ஒண்ணும் பண்ணாத ஒரே நேரம் இது, யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு கரண்டியும் தட்டும்தான் உண்மையைச் சொன்னன. தட்டில் கரண்டியால் அடிப்பதை ஃபோனில் வீடியோ எடுத்து சாஃப்ட்வேரில் போட்டு ஓட்டினேன். குட்டி ஜன்னலில் கரண்டி தட்டில் விழுந்தது, டங் என்று கேட்டது. சுவரிலோ கரண்டி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது! சாவகாசமாக இறங்குகிறது.

டிவி தாமதம். வயர் இல்லாமல் போகும் படம் ஆடி அசைந்து கால் நொடி கழித்துச் சுவருக்குப் போய்ச் சேர்கிறது. எக்ஸ்ரேக்காரர் உத்தமர். சரியாக இருந்த படத்தை ஒரு வாரம் உட்கார்ந்து, ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி, கெடுத்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக யாரும் எதையும் கெடுத்திருக்க மாட்டார்கள்.

நாத்தனாருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பதில் ஒரே வரி: ‘நாளைக்கு வர்றேன், காட்டுங்க.’

மார்ச் 21, சனி

வந்தாள். கரண்டியைக் காட்டினேன். நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முகத்தோடு மூன்று முறை ஓட்டச் சொன்னாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

“சரி. எல்லாத்தையும் ஆறு ஃபிரேம் முன்னால கொண்டுவந்தா முடிஞ்சுதுல்ல?”

முடியாதே. சிலதைத் தள்ளினேன், சிலதைத் தொடவே இல்லை. எது எது? எப்போதும் ஒரே ஃபைல் மேலேயே சேமிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு, பழைய பிரதி கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் 25ஆம் தேதி போய்விடும்.

“எங்கயாவது குறிச்சு வச்சிருக்கீங்களா?”

வாய் சும்மா இருக்கிறதா? “டைரியில எழுதியிருக்கேன்” என்று சொல்லிவிட்டேன்.

நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். கையை நீட்டினாள். வாயைத் திற என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன கை அது! கொடுத்துவிட்டேன்.

அவள் மூன்றாம் தேதியிலிருந்து படித்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாய்க்குக் காவல் நின்றேன். சொட்டு... சொட்டு... ஒரு பக்கம் திருப்பும் சத்தம். நீண்ட நேரம் இன்னொரு பக்கம் திருப்பவில்லை. எந்தப் பக்கம் அது? நாலாம் தேதியா, பதினைந்தா?

கூப்பிட்டாள்.

“நாற்காலில தூசி இருந்துச்சு அண்ணி. அதான் உக்காரல.”

அவள் டைரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பேச்சு, டீக் கோப்பை, காலடி, அப்புறம் என்னோட அந்த ஷாட். இதெல்லாம் தள்ளினது. கதவு, நாற்காலி, ட்ரிம்மர், குழாய் தொடாதது. சரியா?”

சரி என்றேன். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தேன், அந்த அடுத்த வாரத்தைப் பற்றி. தொண்டை ஆறு ஃபிரேமுக்கு மேலே தாமதித்தது. அதற்குள் அவள் இன்னொரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோ” என்றேன், ஒருவழியாக.

“ம். அந்த மூச்சை மட்டும் குறைச்சிடாதீங்க” என்றாள்.

டிவியை அணைத்துவிட்டுக் குட்டி ஜன்னலிலேயே வேலை செய்தோம். இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடியோடு, தலையும் தலையும் இடிக்க. மாலைக்குள் முடிந்தது.

மார்ச் 24, செவ்வாய்

அனுப்பியாயிற்று. டிவி ஹாலுக்குத் திரும்பியது. இவர் அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஏப்ரல் 7, செவ்வாய்

குழாய்க்காரர் வந்தார். குழாய் படத்தில் நடித்திருக்கிறது என்றேன். “அப்ப மாத்திரவா, வேண்டாமா?” என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

திரையிடல். சிறிய அரங்கம், நூறு நாற்காலி இருக்கும். நான் படத்தைப் பார்க்கவில்லை, உதடுகளைத்தான் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த மூச்சு வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி நாத்தனாரை மேடைக்கு அழைத்தார்கள். மைக் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மைக்செட்காரர் பதறி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்புறம் சாவகாசமாக, கணீரென்று, “வணக்கம்” வந்தது.

அரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இவருக்கும் புரியவில்லை. அவள் மட்டும் நாலாவது வரிசையில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

எண்ணிவிட்டேன். சரியாக ஆறு ஃபிரேம்.